காட்டாமணக்கு டீசலும் கரிமூட்டமும்

காட்டாமணக்கை எங்களுக்கு வேலிச் செடியாகத்தான் தெரியும். ஆடு மாடு வாய் வைக்காது, அதனால் தோட்டத்தைச் சுற்றி நட்டு வைப்பார்கள். காம்பை ஒடித்து அந்தப் பாலை ஊதிக் குமிழி விட்டதுதான் நாங்கள் கண்ட லாபம். (குளத்தை அடைத்துக்கொள்ளும் நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு, அதோடு குழப்பிக்க வேண்டாம்.)

இந்த வேலிச் செடியின் பேர் 2003இல் டெல்லி வரைக்கும் போனது. அதற்கு முந்தின டிசம்பர் 31 அன்றுதான் டெல்லி–அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை, டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலந்து ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அப்புறம் திட்டக்குழுவின் அறிக்கை வந்தது. 2011-12க்குள் 20 சதவீதம் கலக்கணும், அதற்கு 1.12 கோடி ஹெக்டேரில் காட்டாமணக்கு நடணும் என்றது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே சுமார் 1.3 கோடி ஹெக்டேர்தான்! அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? வேலியோரம், சீரழிந்த காடு, தரிசு என்று கணக்குக் காட்டினார்கள்.

தண்ணி இல்லாமல் செடி உயிரோடு இருக்கும், வாஸ்தவம். ஆனால் காய் பிடிக்கத் தண்ணி வேணும். தமிழ்நாட்டில் நட்ட விவசாயிகளிடம் ஆரிசா-மொன்டோபியோவும் லேலேயும் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. சொன்னதைவிட விளைச்சல் ரொம்பக் குறைவு, கட்டுப்படியாகவில்லை என்று அதில் இருக்கிறது. புண்ணாக்கிலும் விஷம், மாட்டுக்கு வைக்க முடியாது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது தரிசு விஷயம். தென்மாவட்டங்களில் தரிசு என்று கணக்கில் எழுதிய நிலத்தில் சீமைக்கருவேலம் நிற்கும். அதை வெட்டுவார்கள். கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, தீ வைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். அதுதான் கரிமூட்டம். மூட்டத்தில் ஓட்டை விழுந்தால் அத்தனையும் சாம்பல், அதனால் ராத்திரியும் காவல் இருக்கணும். வெட்டின அடிக்கட்டை சில வருஷத்தில் மறுபடி தழைத்து நிற்கும். யாரும் நடவில்லை, மானியம் கேட்கவில்லை. வீட்டு அடுப்பு, செங்கல் சூளை, மின்சார ஆலை என்று எல்லாவற்றுக்கும் இந்த விறகு போகிறது.

இதை அழித்துவிட்டுக் காட்டாமணக்கு நட்டால் என்ன மிஞ்சும் என்று பாகாவும் பெய்லிஸும் 2014இல் கணக்குப் போட்டார்கள். ஏற்கனவே இருக்கும் கருவேல விறகே 2.5இலிருந்து 10.3 மடங்கு வரை அதிகமாகப் பயன்படும் ஆற்றலைத் தருகிறதாம்.

சீமைக்கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கண்மாய்க்குள் அது பண்ணுகிற அட்டகாசம் ஊருக்கே தெரியும். ஆனால் எரிபொருள் மரம் வளர்க்கத் திட்டம் போட்டவர்கள், அங்கே ஏற்கனவே ஓர் எரிபொருள் மரமும் அதை நம்பிப் பிழைக்கிற கூலி சனமும் இருப்பதைப் பார்க்கவே இல்லை.

2009 கொள்கை 20 சதவீதத்துக்கு 2017 வரை தவணை வாங்கியது. 2018இல் வந்த கொள்கையில் பயோடீசலுக்கு இலக்கு 2030க்குள் 5 சதவீதம், அன்றைக்கு அந்த சதாப்தி ரயிலில் ஊற்றிய அதே அளவு.