நிலையக் கடிகாரம் யாருடைய நேரத்தைக் காட்டியது?

ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நீராவி எஞ்சின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவரில் தொங்கும் பழைய நிலையக் கடிகாரத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. வெள்ளை முகப்பு, கறுப்பு ரோமன் எண்கள், சுற்றிலும் மரவளையம், நடுவில் ரயில்வே கம்பெனியின் முதலெழுத்துகள். இந்திய ரயில்வேயின் சமூக வரலாற்றைப் படிக்க விரும்பும் மாணவர்கள் இந்தக் கடிகாரத்திலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறோம்.

அதைச் சீரமைக்கும் வேலையை முதலில் புரிந்துகொள்வோம். பிரிட்டனில் செய்யப்பட்டு இங்கே வந்த சுவர்க் கடிகாரங்கள் பலவும் வாரம் ஒருமுறை சாவி கொடுத்தால் ஓடுபவை. உள்ளே ஒரு சுருள்வில் இருக்கும். முழுதாக முறுக்கிய சுருள்வில் பலமாக இழுக்கும். தளரத் தளர அதன் இழுவிசை குறையும். அப்படியே விட்டால் கடிகாரம் வாரத் தொடக்கத்தில் ஒரு மாதிரியும் கடைசியில் வேறு மாதிரியும் ஓடும். இதைச் சரிசெய்யக் கூம்பு வடிவ உருளை ஒன்றை வைத்து, அதில் மெல்லிய சங்கிலியைச் சுற்றியிருப்பார்கள். ஃபியூசி என்று அதற்குப் பெயர். வில் பலமாக இழுக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய பக்கத்திலும், வில் தளரும்போது அகன்ற பக்கத்திலும் இருக்கும். அதனால் சக்கரங்களுக்குப் போகும் விசை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும்.

நூறு ஆண்டு கடந்த கடிகாரத்தில் பழைய எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசினாக இறுகியிருக்கும். அச்சுகள் சுழலும் பித்தளைத் துளைகள் தேய்ந்து நீண்டிருக்கும். இவற்றைச் சுத்தம் செய்யலாம், தேய்ந்த துளைக்குப் புதுப் பித்தளை வளையம் போடலாம். ஆனால் அருங்காட்சியக வேலைக்கு ஒரு ஒழுக்கம் உண்டு. பழையதைப் புதிதுபோல் பளபளக்க வைப்பது அதன் நோக்கம் அல்ல. மாற்றாமல் காப்பாற்ற முடிந்த எதையும் மாற்றக்கூடாது. எதைக் கழற்றினோம், எதைச் சேர்த்தோம் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைக்க வேண்டும். மங்கிப்போன முகப்பு எழுத்துகளை அழித்துப் புதிதாக எழுதினால், கடிகாரம் அழகாகும். ஆனால் ஒரு சான்று போய்விடும்.

ஒரு திருகாணிக்குக்கூட இவ்வளவு கவனம் கொடுக்கும் இடத்தில், அந்தக் கடிகாரத்தின் கீழே வாழ்ந்த மனிதர்களின் வரலாற்றுக்கு என்ன கவனம் கிடைக்கிறது? இதுதான் நம் கேள்வி.

நிழலும் முள்ளும்

ரயில் வருவதற்கு முன்பு ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் சூரியன்தான் நேரம். பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் சுமார் அரை மணி நேர வித்தியாசம். கல்கத்தா மெட்ராஸைவிட அரை மணிக்கும் சற்று அதிகமாக முந்தியிருந்தது. ஊருக்கு ஒரு நேரம் இருந்தால் ரயில் ஓட்ட முடியாது. அதனால் 1870 வாக்கில் மெட்ராஸ் வானாய்வகத்தின் நேரமே நாடு முழுவதும் ரயில்வே நேரமாக ஆனது. தந்தி வழியாக நேரத்தை நிலையங்களுக்கு அனுப்பினார்கள். 1905, 1906 ஆண்டுகளில் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியப் பொது நேரம் வந்தபோது, அந்த நிலையக் கடிகாரங்களின் முட்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னே தள்ளப்பட்டன.

சாதிக்கும் ஒரு நேரக் கணக்கு இருந்தது. பேஷ்வாக்கள் ஆண்ட பூனா நகருக்குள் மாலை 3 மணிக்குப் பிறகும் காலை 9 மணிக்கு முன்பும் மகர்களும் மாங்குகளும் நுழையக்கூடாது என்றிருந்த தடையைச் சமூகவியலாளர் ஜி.எஸ்.குர்யே பதிவு செய்திருக்கிறார். அந்த வேளைகளில் நிழல் நீளமாக விழும். மேல்சாதியினர் மீது பட்டுவிடுமாம். அங்கே தீண்டாமைக்கு மணி காட்டியது சூரியன்.

1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்தது. 1858-ல் பூனாவுக்கு ரயில் வந்தது. கையில் பயணச்சீட்டு இருந்தால் மாலை 4 மணிக்கும் ரயிலில் ஏறலாம். நிழலின் நீளத்தை ரயில்வே கால அட்டவணை கேட்கவில்லை. சாதிக்கொரு பெட்டி வேண்டும் என்ற கோரிக்கைக்கும் கம்பெனிகள் இணங்கவில்லை. அவர்களுக்கு லாபம் முக்கியம். அவர்கள் நோக்கம் சமத்துவம் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே நிமிடம் என்பது நம் மக்களுக்குச் சிறிய விஷயம் இல்லை.

மசூர் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம்

அந்த நிமிடம் எங்கே நின்றுபோனது என்பதை அண்ணல் அம்பேத்கரே எழுதிவைத்திருக்கிறார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அறிந்த அவரது குறிப்புகளில் 1901-ஆம் ஆண்டுப் பயணம் ஒன்று வருகிறது. கோரேகாவில் வேலை பார்த்த தந்தையைக் காண, பத்து வயதுச் சிறுவனான அவரும் அண்ணனும் அக்காள் பிள்ளைகள் இருவரும் சாதாராவிலிருந்து ரயிலில் போகிறார்கள். மாலை 5 மணியளவில் மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள். நிலைய அதிபர் வந்து அன்பாக விசாரிக்கிறார். மகர்கள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. வெளியே நிற்கும் மாட்டுவண்டிக்காரர்கள் இரட்டைக் கூலி தருவதாகச் சொன்னாலும் வர மறுக்கிறார்கள். கடைசியில், பிள்ளைகளே வண்டி ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார் என்ற ஏற்பாட்டில் புறப்படும்போது மணி ஆறரை.

ஐந்திலிருந்து ஆறரை. ரயில் அவர்களை அவர்கள் சீட்டு வாங்கிய நிலையத்தில் இறக்கிவிட்டது. அதற்குப் பிறகான ஒன்றரை மணி நேரம் சாதியின் கணக்கில் ஓடியது. பிளாட்பாரத்தில் ஒரே நிமிடம், வாசலைத் தாண்டினால் வேறு காலம். ரயில்வே வந்ததும் சாதி கரைந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு இந்த ஒன்றரை மணி நேரமே பதில்.

வாசலுக்கு வெளியே மட்டும்தான் இது நடந்ததா? 1938 பிப்ரவரியில் நாசிக் மாவட்டம் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு நடந்தது. பார்ப்பனியம், முதலாளித்துவம் என்னும் இரண்டு எதிரிகளைப் பற்றி அண்ணல் பேசியது அங்கேதான். அதே உரையில் ரயில்வேயின் உள்நிலவரத்தையும் சொன்னார். நம் மக்கள் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே முடிகிறார்கள். போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை. ஏன்? போர்ட்டரை நிலைய அதிபர் தன் வீட்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்; தீண்டப்படாதவரை வீட்டுக்குள் விட முடியாது.

இப்போது கடிகாரத்தைத் திரும்பிப் பாருங்கள். அது நிலைய அதிபரின் பொறுப்பில் இருந்தது. நிலையக் கட்டடத்துக்குள் சின்ன வேலைக்கும் நம் மக்களுக்கு வழி அடைக்கப்பட்டிருந்தது. வெளியே, வெயிலிலும் மழையிலும் கடப்பாரையோடும் சுத்தியலோடும் தண்டவாளத்தைச் சரியாக வைத்தவர்கள் அவர்கள். தண்டவாளம் ஒழுங்காக இருந்தால்தான் ரயில் அந்தக் கடிகாரம் காட்டிய நேரத்துக்கு வரும். கடிகாரத்தை உண்மையாக்கியவர்களுக்கு அது தொங்கிய அறைக்குள் இடமில்லை.

இது பழங்கதையும் இல்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த வேலை நடக்கும் இடங்களில் ஒன்றாக ரயில் தண்டவாளத்தை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. 2014 மார்ச் 27 அன்று அளித்த தீர்ப்பில், தண்டவாளங்களில் இதை ஒழிக்க ரயில்வே காலவரையறையுடன் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயில் போன பிறகு தண்டவாளத்தில் இறங்கிய கைகள் எந்தச் சாதியின் கைகள் என்று நமக்குத் தெரியும். கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறோம். அந்தத் துடைப்பத்தை எங்கே வைப்போம்?

நாம் செய்ய வேண்டியது

சீரமைக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நன்றாகச் சீரமைக்கட்டும். ஆனால் பக்கத்தில் வைக்கும் பலகையில் தயாரித்த கம்பெனியின் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்தக்கூடாது. இந்தக் கடிகாரம் தொங்கிய காலத்தில் நிலையத்துக்குள் யார் வேலை பார்த்தார்கள், யாருக்கு அது மறுக்கப்பட்டது, தண்டவாளத்தில் யார் நின்றார்கள் என்று நான்கு வரி எழுத இடம் இருக்கிறது. மசூரையும் மன்மாடையும் அதில் எழுதலாம். அருங்காட்சியகத்துக்குப் போகும் மாணவர்கள் பார்வையாளர் குறிப்பேட்டில் இதைக் கோரிக்கையாக எழுதுங்கள். கடிதமாகவும் அனுப்புங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ரயில்வே குடியிருப்புகளில் களப்பணிக்குப் போகும்போது, ஓய்வுபெற்ற கேங்மேன்களின் வீடுகளில் பழைய கைவிளக்கும் பணிப் பதிவேட்டுத் தாள்களும் பரண்மேல் கிடப்பதைப் பார்க்கிறோம். பழைய இரும்புக் கடைக்குப் போகும் முன் அவற்றைப் படம் எடுங்கள். அந்தத் தாத்தாக்களிடமும் பாட்டிகளிடமும் அனுமதி கேட்டு அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்குப் போனார்கள், தண்ணீர் எங்கே குடித்தார்கள், நிலைய அறைக்குள் எதுவரை போக முடிந்தது என்று கேளுங்கள். பெயர், ஊர், சேர்ந்த ஆண்டு, ஓய்வுபெற்றபோது இருந்த பதவி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்த பதவியும் ஓய்வுபெற்ற பதவியும் ஒன்றாகவே இருந்தால் அதையும் தவறாமல் குறியுங்கள்.

ஜெய்பீம்.