ஒரு மழைப் பாடமும் 16 வருட வாக்குறுதியும்



நேற்று என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அவளும் இப்போது ஆசிரியை. ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சியில் நாற்பது, ஐம்பது வயது டீச்சர்கள் கைதட்டிப் பாடி ஆடுகிறார்கள். "சார், நீங்க இதுக்குத்தானே திட்டு வாங்கினீங்க?" என்று கேட்டிருந்தாள். ஆமாம்மா, இதற்குத்தான்.

1982. ஆசிரியர் பயிற்சி மாணவனாகப் பென்னாகரம் பக்கம் ஒரு துவக்கப்பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்தேன். சத்துணவு தொடங்கிய வருடம். மதியம் வயிறு நிறைந்த பிள்ளைகளுக்குக் கண் சொருகும். மூன்றாம் வகுப்பு, மழை பற்றிய பாடம். பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு, "நீ காத்து, நீ மேகம், நீ கேழ்வரகுப் பயிர், எப்படி இருக்கும்னு காட்டுங்க" என்றேன். அடவு எதுவும் சொல்லித் தரவில்லை. எனக்குத் தெரியவும் தெரியாது. ஒரு பெண்பிள்ளை மழையில் கதிர் சாய்வதுபோல மெல்ல வளைந்து, பிறகு நிமிர்ந்தாள். வகுப்பே அசந்துவிட்டது.

மேற்பார்வைக்கு வந்தவர் என் ஏட்டில் சிவப்பு மையில் எழுதினார்: ‘வகுப்பறை கூத்துமேடை அல்ல.’ அதைத் தாங்கிக்கொண்டேன். மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மா வந்து, "பொட்டப்புள்ளய ஆட வெக்கறதுக்கா இஸ்கூலுக்கு அனுப்பறேன்?" என்று கேட்டதுதான் தாங்கவில்லை. மூன்று நாள் பிள்ளை வரவில்லை. வீட்டுக்குப் போய், இனி ஆட வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அனுப்பினார்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால் இரவெல்லாம் கூத்து. அதில் திரௌபதியாக வந்ததும் ஆண்தான். பெண்கள் கும்மி அடிக்கலாம், கூட்டத்தோடு. தனியாக ஒரு பெண் ஆடினால் ஊர் வேறு பெயர் வைக்கும். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. அந்தப் பயம் ஊரைவிட்டுப் போகவில்லை. 1936ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கி நடனத்துக்குத் தேடித் தந்த மரியாதை அடையாறில் இருந்தது. எங்கள் ஊர் பஸ் ஏறவில்லை.

தாகூர் 1919ல் சில்ஹெட்டில் மணிப்புரி நடனம் பார்த்துவிட்டு, சாந்திநிகேதனுக்கு அதைக் கற்பிக்க ஆசிரியரை வரவழைத்தார். ருடால்ஃப் லாபன் நாஜி ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போய், பள்ளி நடனம் பற்றி 1948ல் ஆசிரியர்களுக்கென்றே புத்தகம் எழுதினார். அசைவைப் பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் செய்து காட்டி நகலெடுக்க வைக்கக்கூடாது என்பது அவர் கட்சி. இதெல்லாம் பல வருடம் கழித்துப் படித்தேன். 1982ல் தெரிந்திருந்தால் அந்தச் சிவப்பு மைக்கு ஒரு பதிலாவது எழுதியிருப்பேன்!

வாக்கை 16 வருடம் காப்பாற்றினேன். நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கினேன்.

பிறகு 1998. பெண் சிசுக்கொலைக்குப் பெயர்போன மாவட்டம் நம்முடையது. வெட்கம்தான், மறைக்க என்ன இருக்கிறது? டென்மார்க் உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தில் அதற்கு எதிராகக் கலைப்பயணம் ஊர் ஊராக வந்தது. அறிவொளி இயக்கக் காலத்து வீதி நாடக முறைதான்: பறை, பாட்டு, ஆட்டம். வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 2000ல் இதைப்பற்றி விரிவாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்த் தெருவில் பாவாடை தாவணிப் பெண்கள் ஆடினார்கள். பெற்ற மகளைக் கொல்லாதே என்று சொல்ல, யார் பெற்ற மகள்களோ தெருவில் ஆட வேண்டியிருந்தது. கூட்டத்தில் ஒரு கிழவி அழுதுகொண்டே நின்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே என் வகுப்பில் மேசைகளைச் சுவரோரம் தள்ளினேன். அப்போது என்னிடம் படித்தவர்களுக்கு மீதி தெரியும்.

2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007ல் எல்லா ஊருக்கும் வந்தது. பிள்ளைகள் பெஞ்சிலிருந்து இறங்கினார்கள். அட்டை எடுத்தார்கள், வைத்தார்கள். ஆட்டம் குறைவுதான். இப்போது கலைத் திருவிழா என்று போட்டி வைக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் சினிமாப் பாட்டுக்கு டான்ஸ் மாஸ்டர் சொன்ன ஸ்டெப்பை ஒப்பிப்பது வேறு, பயிராகச் சாய்வது வேறு. அது என் பிடிவாதம்.

அந்த மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். யாராவது இதைப் படித்தால், அன்று காற்றாக வந்தது யார் என்று எழுதுங்கள். பயிராக வந்தவளை மறக்கவில்லை; காற்று யாரென்று மறந்துவிட்டது.