பெயர் மாறிய வண்ணங்கள்

ட்ரூ டேவால்ட் எழுதி, ஆலிவர் ஜெஃபர்ஸ் படம் வரைந்து 2013-இல் அமெரிக்காவில் வெளியான சிறுவர் நூல் 'தி டே தி கிரேயான்ஸ் க்விட்'. டங்கன் என்னும் சிறுவனுக்கு அவனுடைய வண்ணக்குச்சிகள் கடிதம் எழுதுகின்றன. சிவப்புக்கு விடுமுறை நாளிலும் ஓய்வில்லை. சூரியன் யாருடைய நிறம் என்று மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வழக்கு. மேலுறை உரிக்கப்பட்ட பீச் நிறக்குச்சியோ வெட்கத்தால் பெட்டியை விட்டு வெளிவர மறுக்கிறது.

சிரித்து முடித்தபின் 'பீச்' என்ற பெயரில் மனம் நிற்கிறது. பின்னி அண்ட் ஸ்மித் நிறுவனம் 1903-இல் எட்டுக் குச்சிகளை ஐந்து சென்ட்டுக்கு விற்றுக் கிரயோலாவைத் தொடங்கியது. அதன் வண்ணங்களில் வெள்ளையரின் மேனியை ஒத்த ஒன்றுக்கு 'ஃப்ளெஷ்', அதாவது மேனி நிறம், என்றே பெயர் வழங்கியது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் வலுத்திருந்த 1962-இல்தான் அது 'பீச்' ஆயிற்று.

1999-இல் 'இந்தியன் ரெட்' என்பதும் 'செஸ்ட்நட்' ஆயிற்று. இந்தியாவோடு தொடர்புடைய செந்நிறமி ஒன்றால் வந்த பெயர் அது. அமெரிக்கப் பழங்குடியினரின் தோலைக் குறிப்பதாகக் குழந்தைகள் கொள்ளக்கூடுமென ஆசிரியர்கள் அஞ்சினர். தோல்நிறங்களுக்கென்றே 24 குச்சிகள் கொண்ட பெட்டி 2020-இல் வந்தது.

கதையில் குச்சிகள் தம் குறையைக் கடிதமாக எழுதின. 'மேனி நிறம்' என்று அச்சிட்ட குச்சியையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்த கறுப்பினக் குழந்தை யாருக்கு எழுதியிருக்கும்?