தீக்காயத்துக்குப் பின் உணவு: சிரைவழியும் குடல்வழியும்

பெரிய தீக்காயம் தோலோடு நிற்பதில்லை. உடல் மேற்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெந்துவிட்டால் நாடித்துடிப்பு விரைகிறது, உடல்சூடு ஏறுகிறது, படுத்த படுக்கையிலேயே செலவாகும் ஆற்றல் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் போகலாம். அந்தச் செலவை ஈடுகட்ட உடல் தன் தசையையே கரைக்கிறது. தசைப் புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து, ஒரு பகுதி கல்லீரலில் குளுக்கோஸாகிறது, மறு பகுதி புண் ஆறவும் நோயை எதிர்க்கவும் செலவாகிறது. புண்ணின் கசிவிலும் புரதம், துத்தநாகம், செம்பு, செலினியம் வெளியேறுகின்றன. முதல் இரண்டு நாள் அதிர்ச்சியைத் தாண்டிய நோயாளி பல வாரங்களுக்குப் பிறகு மெலிந்து, நோய்த்தொற்றில் இறப்பது இதனால்தான்.

இந்தக் கரைவை முதலில் அளந்து காட்டியவர் கிளாஸ்கோவின் டேவிட் கத்பர்ட்சன். 1930-களின் தொடக்கத்தில், எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன், கந்தகம், பாஸ்பரஸ் ஆகியவை மிகுதியாக வெளியேறுவதைக் கண்டார். அவை வெளியேறிய விகிதம் அடிபட்ட இடத்தின் இழப்போடு பொருந்தவில்லை. உடல் முழுதுமுள்ள தசை கரைவதையே காட்டியது. அதை வெளியிலிருந்து ஈடுகட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் ராபர்ட் எல்மன், பால் புரதமான கேசினை அமினோ அமிலங்களாகச் சிதைத்து, குளுக்கோஸுடன் சேர்த்து நோயாளிகளின் சிரையில் செலுத்தி, 1939-ல் முடிவுகளை வெளியிட்டார்.

இந்த வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. அது துயரமான இடம். 1943-ன் வங்காளப் பஞ்சத்தில் கல்கத்தா மருத்துவமனைகளுக்கு வந்த பலரால் விழுங்கக்கூட முடியவில்லை. அங்கிருந்த அகில இந்திய சுகாதார நிறுவனத்தின் கே.வி.கிருஷ்ணன், ஈ.கே.நாராயணன், ஜி.சங்கரன் ஆகியோர் இவ்வாறு சிதைத்த புரதக் கரைசலை, அதாவது புரதச் சிதைநீரை, சிகிச்சையாகப் பயன்படுத்திப் பார்த்து, 1944-ல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினர். சிதைநீரின் மேல் எழுந்த நம்பிக்கையில் 1945-ல் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாமில் மீட்கப்பட்டவர்களுக்கும் அது அனுப்பப்பட்டது. அங்கே வாய்வழி கொடுத்தபோது அதன் சுவையை நோயாளிகளால் பொறுக்க முடியவில்லை, ஊசியைக் கண்டே பலர் அஞ்சினர். கொழுப்பு நீக்கிய பாலைச் சிறிது சிறிதாகக் கொடுத்ததே மேலாக இருந்தது. குடல்வழி உணவே மேல் என்னும் இதே பாடத்தைத் தீக்காய மருத்துவம் கற்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் தொழில்நுட்பம் வளர்ந்தது. ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் ஒவ்வாமை தராத சிதைநீரையும், 1960-களின் தொடக்கத்தில் சோயா எண்ணெயிலிருந்து பாதுகாப்பான கொழுப்புக் குழம்பையும் உருவாக்கினார். பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக், இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரைக்குள் குழாய் செலுத்தி, அடர்த்தியான குளுக்கோஸையும் அமினோ அமிலங்களையும் சிரைவழி மட்டுமே கொடுத்து நாய்க்குட்டிகளை வளர்த்துக் காட்டினார். 1968-ல் வெளியான இந்தச் சாதனைக்குப் பின், வாய்வழி எதுவுமின்றி மனிதர் வாழலாம் என்பது உறுதியானது. குடல் இழந்தவர்களுக்கு இது மறுபிறவி.

தீக்காயக்காரர்களுக்கு இதுவே சிறந்தது என்றும் அப்போது தோன்றியது. 1974-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கர்ரேரி வகுத்த சூத்திரம் உடல் எடையில் கிலோவுக்கு 25 கலோரி, வெந்த ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 40 கலோரி என்று கணக்கிட்டது. 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 விழுக்காடு காயமென்றால் நாளுக்கு 2,850 கலோரி. வாயால் உண்ண முடியாத பங்கைச் சிரைவழி நிரப்பினர். ஆனால் அளவுக்கு மீறிய குளுக்கோஸ் கல்லீரலில் கொழுப்பாகப் படிந்தது, குழாய் வழியே கிருமி புகுந்தது. 1989-ல் டெக்சாஸின் ஹெர்ன்டன் குழுவினர் வெளியிட்ட ஒப்பீடு தெளிவானது: பாதி உடலுக்கு மேல் வெந்தவர்களில், கூடுதலாகச் சிரைவழி உணவும் பெற்றோரில் 63 விழுக்காட்டினர் இறந்தனர், பெறாதோரில் 26 விழுக்காட்டினர். புரதம் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. 1980-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் வெஸ்லி அலெக்சாண்டர், தீக்காயமுற்றுக் கூடுதல் புரதம் பெற்ற குழந்தைகள் அதிகம் பிழைத்ததைக் காட்டியிருந்தார். பிழை, புரதம் போன வழியில் இருந்தது. உணவு படாத குடலின் உட்சுவர் மெலிந்துவிடும். உண்ட குடல் நோய்த்தடுப்பைக் காக்கும்.

பழனி மலையின் வில்பட்டி போன்ற ஊர்களில் இந்த அறிவு தொலைவோடு மோதுகிறது. மலைச்சாலை வருமுன் நோயாளியை டோலியில்தான் இறக்க வேண்டியிருந்தது. இன்றும் பெரிய தீக்காயம் என்றால் கொடைக்கானலில் முதலுதவி பெற்று, வத்தலக்குண்டு வழியே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். முதல் 24 மணி நேரத்தில் டிரிப்ஸில் ஏற வேண்டிய திரவத்தில் பாதி, காயம் பட்ட முதல் 8 மணி நேரத்திலேயே போயாக வேண்டும். குடல்வழி உணவும் முதல் நாளுக்குள் தொடங்க வேண்டும். 2018 மார்ச்சில் பக்கத்துத் தேனி மாவட்டத்துக் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கியவர்களில் பலர், மருத்துவமனை சேர்ந்த பின் அடுத்தடுத்த நாட்களிலும் வாரங்களிலும்தான் இறந்தனர். புண்ணை விரைவில் மூடுவதும் புரத இழப்பைக் குறைக்கும். 1985-ல் மும்பை மருத்துவர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டுத்துணியில் பதித்துப் புண்ணின் மேல் கட்டும் முறையை அறிவித்தார். வில்பட்டித் தோட்டங்களில் விளையும் எளிய கிழங்கு, விலையுயர்ந்த கட்டுகள் கிடைக்காத இடங்களில் இவ்வாறு உதவியிருக்கிறது.

தனி அமினோ அமிலங்களின் கதை இன்னும் சுவையானது. தீக்காயத்தில் குளூட்டமின் வேகமாகக் குறைவதால் அதைத் தனியே கொடுத்தால் உயிர் காக்கும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் நம்பினர். சுமார் 1,200 நோயாளிகளிடம் குடல்வழி கொடுத்து நடத்திய பன்னாட்டு ஆய்வு 2022-ல் வெளியானபோது, குணமாகி வீடு திரும்பும் காலம் அதனால் குறையவில்லை என்று தெரிந்தது. முழுப் புரதத்துக்கு அந்த ஐயமில்லை: பெரியவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம், குழந்தைகளுக்கு அதைவிடக் கூடுதல். அது மூக்குக் குழாய் வழியே சத்துத் திரவமாகவோ, வாய்வழி முட்டை, பால், பருப்பாகவோ போகிறது. சிரைவழி அமினோ அமிலக் கரைசல் இன்று குடல் வேலை செய்யாதவர்களுக்கும், குடல்வழி உணவு போதாதவர்களுக்கும் மட்டும், இரத்தச் சர்க்கரையின் அளவை அடிக்கடி கவனித்தபடி தரப்படுகிறது.