எதிரொலியா, மறுமொழியா? ‘பிங்’ கட்டளையின் வரலாறு

வலைப்பின்னல் கோளாறுகளை ஆராய்வோர் பெரும்பாலும் முதலில் இயக்கும் கட்டளை ‘பிங்’. தொலைவிலுள்ள கணினிக்குச் சிறு தரவுப்பொதி ஒன்றை அனுப்பி, அதற்கு விடை வந்துசேர எடுக்கும் நேரத்தை மில்லிநொடியில் அளப்பதே அதன் பணி. அக்கட்டளையும் ஒரு கோளாற்றைத் தேடும் முயற்சியில்தான் பிறந்தது.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் வெளியிட்ட ஐசிஎம்பி நெறிமுறை ‘எக்கோ’ என்னும் செய்திவகையை வரையறுத்தது. 1983 ஜூலையில் நார்வேயில் நடந்த கூட்டமொன்றில், அச்செய்தியைக் கொண்டு வலைப்பின்னலின் தாமதத்தை அளப்பது பற்றி டேவிட் மில்ஸ் பேச்சுவாக்கில் குறிப்பிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் பாலிஸ்டிக் ஆய்வுக்கூடத்தில் வலைப்பின்னல் விந்தையாக நடந்துகொண்டது. அங்குப் பணியாற்றிய மைக் மூஸ், மில்ஸின் கூற்றை நினைவுகூர்ந்து, ஒரே மாலையில் ஏறத்தாழ ஆயிரம் வரிகளில் இந்நிரலை எழுதினார். கல்லூரிக் காலத்தில் சோனார் குறித்து ஆராய்ந்தவராதலால், அதன் ஒலித்துடிப்பின் ஓசையையே பெயராகச் சூட்டினார். பெர்க்லி யூனிக்ஸ் வழியாக அது எங்கும் பரவியது.

ஆயினும் அப்பெயரிலும் ‘எக்கோ’ என்னும் சொல்லிலும் ஒரு மயக்கம் உண்டு. நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பும் ஒலி இயற்பியல் விளைவு. கப்பல் விரும்பினாலும் அதை மறுக்க இயலாது. கணினியோ செய்தியைப் பெற்று, அதற்கெனத் தானே விடை எழுதி அனுப்புகிறது. அது எதிரொலியன்று, மறுமொழி. மறுமொழி தருபவர் மௌனமும் காக்கலாம். தொலைபேசியில் “கேட்கிறதா?” என்று வினவுவதைப் போன்றது இது. உரையாடலின் வழி திறந்துள்ளதா என்று சோதிக்கும் இத்தகைய கூற்றுகளை, 1960இல் ரோமன் யாக்கப்சன் மொழியின் தனிப் பயன்பாடாகவே வகுத்தார்.

தொடக்கத்தில் விடையளிப்பது கடமையாக இருந்தது. 1989இல் வெளியான இணைய விதிமுறை, ஒவ்வொரு கணினியும் எக்கோவுக்கு மறுமொழி அனுப்பியே ஆகவேண்டும் என்றது. 2003 ஆகஸ்டில் பரவிய ‘வெல்ச்சியா’ என்னும் புழுநிரல், தாக்குவதற்குரிய கணினிகளை இதே வினவலால் தேடியது, வலைப்பின்னல்கள் திணறின, பல நிறுவனங்கள் எக்கோவைத் தடுத்தன. அந்நியர் அழைப்புக்கு வாய்திறவாமையே பாதுகாப்பு என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

எனவே இன்று ‘பிங்’கின் முடிவைப் படிப்பதில் நிதானம் வேண்டும். விடை வந்தால் இருவழிப் பாதையும் எதிர்முனையும் உயிர்ப்புடன் உள்ளன; அங்குள்ள இணையதளம் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. எண்முகவரிக்கு விடை வந்து, பெயரை முகவரியாக மாற்ற முடியாமற்போனால், கோளாறு பெயர்ச்சேவையில் இருக்கக்கூடும். விடையே வராவிடில், கம்பி அறுந்திருக்கலாம், கணினி அணைந்திருக்கலாம், மறுமொழி வழியில் தொலைந்திருக்கலாம், அல்லது தடுப்புச்சுவர் வினவலை விழுங்கியிருக்கலாம். மௌனத்தை மட்டும் கொண்டு இவற்றைப் பிரித்தறிய இயலாது.