கடையாணியிலிருந்து டிராக்டர் கொக்கி வரை

பேராவூரணி கடைத்தெருவில் தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர் கண்ணில் என்ன படும்? முன்னால் சிவப்பு மாஸி பெர்குசன், பின்னால் மலை மாதிரி தேங்காய், அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்து வரும் இரண்டு பேர். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற ஒரு சாண் இரும்பை யாரும் பார்ப்பதில்லை.

பசுமைப் புரட்சி பற்றிய பாடங்களிலும் இதே கதைதான். விதை வரும், உரம் வரும், டிராக்டர் வரும். டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கிற கொக்கி வராது. ஆனால் எதை, எந்த உயரத்தில், எவ்வளவு பாரத்தோடு மாட்டுவது என்ற கேள்விக்கு மாட்டுவண்டி காலத்திலிருந்தே ஒரு நீளமான வரலாறு இருக்கிறது. அதில் உயிர்களும் போயிருக்கின்றன.

முதலில் வண்டி. கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு ஏற்றிப் போன உமணர்களைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பல இடங்களில் பேசுகின்றன. புறநானூற்றின் 102-ஆவது பாட்டில் ஔவையார் அவர்களுடைய ஒரு வழக்கத்தைச் சொல்கிறார். வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதற்குப் பெயர் சேம அச்சு. (இன்றைய ஸ்டெப்னிக்குத் தாத்தா!) திருக்குறளிலோ பெரிய தேரைத் தாங்கும் சின்ன அச்சாணியே உவமையாகிவிட்டது. பாரம் பெரிது, அதைப் பிடித்திருக்கும் பொருள் சிறிது என்ற கவலை தமிழில் அவ்வளவு பழையது.

1934-இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்கும் காவிரி எட்டியது. இந்தக் கால்வாயை ஜனங்கள் இன்றும் புது ஆறு என்றுதான் சொல்கிறார்கள். நெல் கூடியது என்றால் வண்டிப் பாரமும் கூடியது என்று அர்த்தம். களத்திலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து மில்லுக்கு, எல்லாம் மாட்டுவண்டிதான்.

அந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். முன்பாரம், பின்பாரம். இரட்டைச் சக்கர வண்டி ஒரு தராசு மாதிரி, அச்சுதான் அதன் நடு முள். அச்சுக்குப் பின்னால் மூட்டை அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்னால் அதிகமானால் நுகம் கழுத்தில் அழுந்திப் புண்ணாகும். ஆகவே முன்பக்கம் கொஞ்சமே கொஞ்சம் கனமாக இருக்கும்படி மூட்டை அடுக்குவார்கள். போகிற வழியில் சரியில்லை என்று பட்டால் வண்டிக்காரர் முன்னால் தள்ளி உட்காருவார், அல்லது பின்னால் நகருவார். தராசே தேவையில்லை. மாடு நடக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த நுகத்தடி மாட்டுக்குக் கொடுக்கும் வலியைப் பிற்காலத்தில் படித்தவர்களும் கவனித்தார்கள். பெங்களூர் ஐ.ஐ.எம்-இன் முதல் இயக்குநரான என்.எஸ். ராமசாமி மாட்டுவண்டியை மேம்படுத்த வேண்டும் என்று பல்லாண்டு காலம் பிரசாரம் செய்தார். மேனேஜ்மென்ட் கல்லூரி நடத்தியவர் மாட்டுவண்டி பற்றிப் பேசியது அப்போது பலருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். நாட்டின் சரக்குப் போக்குவரத்தை உண்மையாகப் பார்த்தவருக்கு அது வேடிக்கை இல்லை.

சரி, டிராக்டருக்கு வருவோம். இங்கே கதை அயர்லாந்துக்குப் போகிறது, ஏனென்றால் தஞ்சாவூர் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்புற அமைப்பு அங்கே பிறந்த ஒருவரின் மூளையில் உதித்தது. அவர் பெயர் ஹாரி பெர்குசன். முதல் உலகப்போர் நேரம், 1917-இல், அயர்லாந்து விவசாய வாரியம் டிராக்டர்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க அவரை அனுப்பியது. அந்தக் காலத்தில் மாட்டுக்குப் பின்னால் கலப்பையைக் கட்டிய மாதிரியே டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ சிக்கினால் என்ன ஆகும்? மாடாக இருந்தால் நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் சுழல முடியாமல் சிக்கும், என்ஜின் விசை டிராக்டரின் உடம்பையே அச்சைச் சுற்றித் தூக்கும், முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும், அப்படியே மல்லாக்க விழுந்து ஓட்டுநரை நசுக்கும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஹென்றி போர்டின் மலிவான போர்ட்சன் டிராக்டர் இதற்கே பெயர் பெற்றது.

பெர்குசன் இதற்குக் கண்ட தீர்வு மூன்று புள்ளி இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. கலப்பை தடுக்கினால் மேல் கை டிராக்டரை முன்நோக்கித் தள்ளும், அதனால் முன்சக்கரம் தரையில் அழுந்தும். ஆளைக் கொல்லப் பார்த்த அதே விசையை ஆளைக் காப்பாற்றும்படி திருப்பிவிட்டார். ஹைட்ராலிக் கட்டுப்பாட்டுக்கு 1926-இல் காப்புரிமையும் வாங்கினார். 1938 அக்டோபரில் போர்டிடம் இதைச் செய்து காட்ட, இருவரும் கைகுலுக்கியே ஒப்பந்தம் முடித்தார்கள். எழுத்து எதுவும் இல்லை! 1947-இல் போர்டின் பேரன் அந்த ஏற்பாட்டை முறித்தார். பெர்குசன் 25 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டு, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்கு சமாதானம் ஆனார். கான்ட்ராக்ட் ஆக்ட் பரீட்சைக்குப் படிப்பவர்கள் இதை ஓர் உதாரணமாக எழுதலாம்.

பெர்குசன் கம்பெனி 1953-இல் கனடாவின் மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. 1960-இல் சென்னையில் டாபே தொடங்கி மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தது. அதே 1960-61-இல்தான் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்வானது. அடுத்த சில ஆண்டுகளில் ஏ.டி.டி-27 நெல் குறுவைக்கு வந்தது. விதையும் டிராக்டரும் ஏறக்குறைய ஒன்றாக வயலுக்குள் நுழைந்தன என்றே சொல்லலாம்.

இங்கேதான் ஒரு வினோதம். பெர்குசனின் அமைப்பு கலப்பைக்காக உருவானது. டெல்டா விவசாயி டிராக்டரை உழவு முடிந்த பிறகு நிறுத்தி வைக்கவில்லை. டிரெய்லரை மாட்டி நெல், வைக்கோல், செங்கல், மணல், கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று எல்லாவற்றையும் இழுத்தார். உழவை விட ரோட்டு வேலைதான் அதிகம் என்று ஆன டிராக்டர்களும் உண்டு.

இரட்டைச் சக்கர டிரெய்லர் என்பது மாட்டுவண்டியேதான். அச்சு நடுவில், நுகத்தடி இருந்த இடத்தில் கொக்கி. முன்பாரம் அதிகமானால் டிராக்டரின் பின்பக்கம் அழுந்தி முன்சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது. பின்பாரமானால் கொக்கி மேல்நோக்கி இழுக்கும், பின்சக்கரத்தின் பிடிப்பு போகும். வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போது அந்தப் பிடிப்புதான் எல்லாமே. ஒரே ஒரு வித்தியாசம், மாட்டைப் போல இரும்பு முரண்டு பிடித்துக் காட்டாது.

கார் பின்னால் டிரெய்லர் இழுப்பது அதிகமாக உள்ள அமெரிக்காவிலும் இதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பார்கள். அங்கே கொக்கிக்குப் பதில் உருண்டையான இரும்புப் பந்து. ஒன்றே முக்கால் அரைக்கால் அங்குலம், 2 அங்குலம் என்று பல அளவுகளில் வரும், அளவு பந்தின் மேலேயே பொறித்திருக்கும். 2 அங்குல மூடியைச் சின்னப் பந்தின் மேல் வைத்தாலும் பார்க்கப் பொருந்திய மாதிரியே இருக்கும். ஒரு பெரிய பள்ளத்தில் குலுங்கினால் கழன்றுவிடும். இந்தப் பந்து, அதைத் தாங்கும் தண்டு, டிரெய்லர் மூடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எடை வரம்பு உண்டு. அதில் எது குறைவோ அதுதான் முழு இணைப்பின் வரம்பு.

இங்கே நடக்கும் தவறும் இதன் தம்பிதான். துளை பெரிது, பின் சிறிது. தேய்ந்து முட்டை வடிவமான துளையில் பின் ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னும் பின்னும் அடிக்கும், அடித்து அடித்து இன்னும் தேயும். அடுத்தது உயரம். டிராக்டரின் அடியில் அச்சுக்குக் கீழே நிலையாக இருக்கும் இழுவைப் பட்டைதான் பாரம் இழுப்பதற்கான இடம். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க அவசரத்தில் சங்கிலியை மேல் கை மாட்டும் இடத்தில் கட்டினால், பெர்குசன் தடுக்க நினைத்த அதே விபத்தை நாமே வரவழைத்த மாதிரி. கீழ்க் கைகளுக்கு நடுவே மாட்டும் துளைப் பட்டையும் ஹைட்ராலிக்கில் உயர்ந்தால் ஆபத்துதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தபோது பேராவூரணி வட்டாரத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. முறிந்த மரங்களை அப்புறப்படுத்த டிரெய்லர்கள்தான் வேண்டியிருந்தன. தென்னை மரத்தை டிரெய்லர் நீளத்துக்கு அறுக்காமல் ஏற்றினால் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது முழுக்கப் பின்பாரம். வைக்கோல் ஏற்றும்போதும் இதே சிக்கல் உண்டு, ஆனால் வைக்கோலை விட மரம் பல மடங்கு கனம்.

மனிதர்களை ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உத்தரப் பிரதேசம் கான்பூர் அருகே 2022 அக்டோபர் 1 அன்று கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மனிதர்கள் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வார்கள், எழுந்து நிற்பார்கள். அப்போது முன்பாரக் கணக்கும் நொடிக்கு நொடி மாறும். சரக்கு டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண்ணும் தனி இன்சூரன்சும் உண்டு என்பதால், விபத்துக்குப் பிறகு நஷ்ட ஈட்டு வழக்கும் லேசில் முடியாது.

டிராக்டர் கொக்கியில் போடும் பின் மேலே எழும்பாமல் இருக்க, அதன் முனையில் வளையத்தோடு ஒரு சின்ன ஆணி மாட்டுவார்கள். ஒர்க்ஷாப்பில் அதன் பெயர் லின்ச் பின். தமிழில் சொன்னால் கடையாணி, மாட்டுவண்டிச் சக்கரம் கழன்று போகாமல் அச்சின் முனையில் செருகியிருந்த அதே பொருள். டிராக்டர் சாமான் விற்கும் கடையில் மிக மலிவாகக் கிடைப்பவற்றில் அதுவும் ஒன்று. தொலைந்துபோனால் பலரும் ஒரு கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.