பால்கோவா இன்னும் நல்லாத்தான் இருக்கா?

மதுரையிலிருந்து இராஜபாளையம் போற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிட்டு பால்கோவா வாங்காம வர்றவங்க ரொம்பக் குறைவு. வாங்கின டப்பா நாலு நாள் கழிச்சும் வீட்ல இருக்கு. சாப்பிடலாமா, வேண்டாமா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னாடி இருக்கிற வரலாறைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

முதல்ல ஒண்ணு: பால்கோவாவே ஒரு சேமிப்பு முறை. பால்ல சுமார் 87 சதவீதம் தண்ணி. வெயில் காலத்துல கறந்த பாலை அப்படியே விட்டா சில மணி நேரத்துல கெட்டுடும். இந்தியாவில் கோத்ரெஜ் ஃபிரிட்ஜ் தயாரிக்க ஆரம்பிச்சது 1958-ல். வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கினது 1970-ல். அதுக்கெல்லாம் முன்னாடி, மிஞ்சின பாலைக் காப்பாத்தினது அடுப்புதான். கிண்டிக் கிண்டித் தண்ணியை வத்த வெச்சு, சர்க்கரை சேர்த்தாங்க.

சர்க்கரை வெறும் இனிப்புக்காக இல்ல. ஒரு உணவுல எவ்வளவு தண்ணி இருக்குங்கிறதைவிட, அதுல எவ்வளவு கிருமிகளுக்குக் கிடைக்குதுங்கிறதுதான் முக்கியம்னு 1953-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானி வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் காட்டினார். சர்க்கரை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குது. கிருமிக்குக் கிடைக்கிறது குறையுது.

சரி, கெட்டதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? நம்ம பேச்சுலயே பதில் இருக்கு. சோறும் குழம்பும் ஊசிப்போகும். பால் திரிஞ்சுபோகும். எண்ணெய் காறிப்போகும். ஊறுகாய்ல பூசணம் பூக்கும். முறுக்கு நமத்துப்போகும்; ஆனா அதைத் தூக்கிப்போட வேண்டியதில்ல. எனக்கு இந்த வார்த்தைகள் ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொண்ணும் மூக்கும் நாக்கும் விரலும் சேர்ந்து எழுதின தீர்ப்பு.

ஆனா அந்தத் தீர்ப்புக்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்காட் ஆராய்ந்த கிருமியோட பேரு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். நிறைய பேரோட மூக்குலயும் தோல்லயும் சாதாரணமா இருக்கிறது. மத்த பல பாக்டீரியாக்கள் வளர முடியாத குறைஞ்ச ஈரத்துலயும் இது வளரும். இது விடுற நஞ்சுக்கு வாடை கிடையாது, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. கை படுற பால் இனிப்புகள்ல உண்மையான பயம் இதுதான். பாட்டியோட மூக்கும் இங்க தோத்துடும்.

அதனாலதான் தேதி வேணும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல். அடுத்த வருஷம், 2020 அக்டோபர் 1 முதல், தட்டுல வெச்சு சில்லறையா விக்கிற இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும்னு கடையில எழுதி வைக்கணும்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லிடுச்சு.

ஆனா அந்தத் தேதி உங்க வீட்டு ஈரக் கரண்டியைக் கணக்குல எடுத்துக்காது. டப்பாவுக்குள்ள ஈரக் கரண்டி போனாலோ, மூடியில வேர்த்த தண்ணி சொட்டினாலோ, அடுப்பு பாடுபட்டு விரட்டின ஈரத்தை நாமளே திரும்பக் கூப்பிடுறோம். அதனால கையால அள்ளாதீங்க, காஞ்ச கரண்டி போடுங்க. பூசணம் தெரிஞ்சா மேலாகச் சுரண்டாம முழுசையும் கொட்டிடுங்க. தேதி தாண்டிடுச்சா? வாடை நல்லா இருந்தாலும் வேண்டாம். தேதிக்குள்ள இருக்கு, ஆனா புளிச்ச வாடை வருதா? அப்பவும் வேண்டாம். ரெண்டு பேரும் சரின்னு சொன்னா மட்டும் சாப்பிடுங்க.